பச்சையாகவே இருந்த பாண்டிச்சேரி

என்னோடு உப்புக் கூடை தூக்கியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போன வருஷம் நம் பள்ளிக்கூடத்துக்கு அட்லஸ் வாங்கின கதை ஊருக்குள் வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத கிழவி ஒருத்தி, நாலு படித்தவர்கள் முன்னால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடம் பிடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அடம் போன வருஷத்து அடம் இல்லை. அதற்கு ஐம்பது வயது ஆகிறது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஆரம்பித்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்கூட.

அப்போது பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை, ஓலைக் கூரை, ஒரு வாத்தியார். அவர் கடலூர்ப் பக்கத்துக்காரர். சட்டையை வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு வருவார். மத்தியானத்துக்குள் மார்பில் மூக்குப்பொடி உதிர்ந்து பழுப்பாகிவிடும். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கும். துணியில் ஒட்டி, மேலும் கீழும் கம்பு வைத்து, சுருட்டினால் பாய் மாதிரி நிற்கும். மழை நாளில் அதிலிருந்து வார்னிஷ் வாசனை வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். படிப்பின் வாசனை அதுதான் என்று நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவேன்.

அது மெட்ராஸ் ராஜதானிப் படம். செங்கல்லைக் குழைத்துப் பூசினது மாதிரி முழுக்க இளஞ்சிவப்பு. கடலோரத்தில் மட்டும் பச்சையாகச் சில துணுக்குகள், கை தவறிச் சிந்தினது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக. “இது பாண்டிச்சேரி, பிரெஞ்சுக்காரன் ஊரு. நம்ம ஊரு இங்க” என்று வாத்தியார் பிரம்பு நுனியால் தட்டுவார். நம் ஊர்ப் பெயர் அதில் எழுதியிருக்காது. தட்டித் தட்டி வார்னிஷ் பெயர்ந்து, அந்த இடம் வெள்ளையாகியிருந்தது. அந்த வெள்ளைப் புள்ளியே நம் ஊர் என்று வெகு நாள் நம்பினேன். உப்பு விளைகிற ஊர் வெள்ளையாகத்தானே இருக்கும்?

பச்சைத் துணுக்கையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் அத்தையைக் காலாப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அது பிரெஞ்சுக்காரன் பக்கம். கீழ்புத்துப்பட்டைத் தாண்டினால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் இருக்கும், பக்கத்தில் இரண்டு காக்கிச் சட்டைக்காரர்கள். அங்கிருந்து இங்கே வருகிறவர்களின் மூட்டையை அவிழ்ப்பார்கள். அத்தையின் அரிசிப் பைக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை அவர்களில் ஒருவன் இடுப்புச் சுருக்குப்பையை உதறச் சொன்னான். வெற்றிலையும் பாக்கும் மண்ணில் விழுந்தன.

அத்தை குனிந்து பொறுக்கிக்கொண்டே, “இதுக்குத்தான் உன்னை உங்கம்மா பெத்தாளா?” என்றாள். அவன் சிரித்தான். கூட வந்த அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த மூங்கில் தூக்கப்படும் வரை கல் மாதிரி நின்றார். அவர் சின்ன வயதில், கள்ள உப்பு கொண்டுபோன ஒருவனைக் காக்கிக்காரர்கள் கட்டி வைத்து அடித்ததைப் பார்த்தவர். காக்கியைக் கண்டால் அவருக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான் என்றார்கள். நமக்கு மழைக்காலத்தில் வேலை ஏது, உப்பளமெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். பொங்கலுக்கு அத்தை வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மூங்கிலைக் காணோம். கால் நட்டிருந்த இரண்டு குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. ஒன்றில் ஒரு தவளை. அப்பா பழக்கத்தில் அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டார். துண்டு இடுப்புக்குப் போய்விட்டது.

“யாருக்குண்ணா நிக்கிற? தவளைக்கா?” என்றாள் அத்தை.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாண்டினார். அன்றைக்கு முழுக்க அத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். திரும்பும்போது எனக்கு ஒரு பென்சில் கொடுத்தாள். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். நாக்கில் தொட்டு எழுதினால் நிறம் ரத்தம் மாதிரி பிடிக்கும். அதை நான் தலைமுடிக்குள் செருகிக்கொண்டு தூங்கினேன்.

இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெரிய பாத்தியில் விட்ட உப்பங்கழித் தண்ணீர் முதலில் பச்சையாக இருக்கும். அடுத்த பாத்திக்குத் திருப்பினால் மங்கும். வெயில் ஏற ஏறச் சிவக்கும். டீத்தண்ணீர் மாதிரி சிவந்த பிறகுதான் அடியில் உப்புப் பூக்கும். அப்பா காலையில் எழுந்ததும் பார்ப்பது நிறத்தைத்தான். நேற்று என்ன நிறம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “நேத்து நிறத்தை வச்சி இன்னைக்கு உப்பு வாருவியா?” என்பார். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அது. தண்ணீர் மாறினால் நிறம் மாறும். யாரும் பூச வேண்டாம், தானாக மாறும்.

அதனால் சுவர்ப் படமும் அப்படித்தான் என்று நினைத்தேன். பாண்டிச்சேரி கைமாறிவிட்டது, மூங்கில் போய்விட்டது, அப்பா நிற்காமல் தாண்டிவிட்டார். படத்தில் பச்சை சிவப்பாக எத்தனை நாள் ஆகும்? பள்ளிக்குள் நுழைந்ததும் தினமும் அதைத்தான் பார்ப்பேன். தை முடிந்தது, மாசி வந்தது. ஒரு துணுக்குகூட மாறவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் பழுக்கவில்லை போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஐயா, பாண்டிச்சேரி இன்னும் பச்சையாவே இருக்குதுங்க.”

“பச்சையா இல்லாம? உங்கப்பன் வந்து சுண்ணாம்பு அடிப்பானா?”

மொத்தப் பள்ளியும் சிரித்தது. நானும் சிரித்தேன். வாத்தியார் சிரிக்கவைத்தால் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று வாத்தியார் அரண்டுபோனார். தரையை மெழுகினோம், பலகைக்குக் கரி பூசினோம். எங்களை வரிசையாக நிற்க வைத்து நகம் பார்த்தார். “எதுனா ஒண்ணு தப்பா இருந்துச்சு, என் வேலை போச்சு” என்று அவர் புலம்பியதை நான் காதால் கேட்டேன். தப்பாக இருந்தது எது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். சிவப்பு முனையை நாக்கில் தொட்டேன். பச்சை வெளியே தெரியாமல், ஓரம் தாண்டாமல், நாலு துணுக்கையும் பூசினேன். பச்சைமேல் சிவப்பு ஏறியபோது சேற்று நிறம் வந்தது. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. வாருவதற்கு முந்தின நாள் பாத்தி அந்த நிறத்தில்தான் இருக்கும்.

அந்த மனிதரின் வேலையைக் காப்பாற்றத்தான் பூசினேன்.

வாத்தியார் வந்து படத்தைப் பார்த்ததும் அடிக்கோலின் விளிம்பால் அடித்தார். உள்ளங்கையில் நாலு துணுக்குக்கு நாலு அடி, அதற்குமேல் அவர் பயத்துக்கு எத்தனையோ. பென்சிலை இரண்டாக ஒடித்து ஜன்னல் வழியாக எறிந்தார். சிவப்புப் பாதி வேலிக்குள் விழுந்தது, நீலப் பாதி கழித்தண்ணீரில் விழுந்தது. அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி ஆள் போயிற்று. அவர் அளத்தில் இருந்து அப்படியே வந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. வாசலுக்கு வெளியே, துண்டு இடுப்பில்.

“கவர்மெண்டு சொத்துய்யா இது. சர்க்கார் போட்ட எல்லைய உம்பொண்ணு அழிச்சிருக்கா, பாரு.”

“தெரியாம பண்ணிட்டாளுங்க சாமி.”

“இவளுக்கெல்லாம் படமும் பாடமும் எதுக்கு? உப்பு மிதிக்கிற காலு, மிதிக்க அனுப்பு.”

“சரிங்க சாமி.”

பாருங்கள், இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் படித்தவர், ஒருவர் என்னைப் பெற்றவர். ஏன் பூசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் மூங்கிலைச் சொல்லியிருப்பேன், குழியைச் சொல்லியிருப்பேன், தவளையைக்கூடச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா, ஊர் எல்லை வந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பி, வீங்கியிருந்த இடத்தைப் பார்த்தார். “எல்லைய அழிச்சா புடிச்சிட்டுப் போயிடுவாங்கடி” என்றார். அவர் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். கட்டி வைத்து அடிபட்டவனின் இடத்தில் என்னை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. என்னை ஒளித்து வைக்கத்தான் அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் விடிகாலையில் பாத்தி மிதிக்க இறங்கினேன். புதுப் பருவத்துக்குத் தரையைக் கெட்டியாக்க, வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்போமே, அந்த வேலை. என் இடப்பக்கம் நின்றவள் உங்களில் ஒருத்தி, அவளுக்கு ஞாபகம் இருக்கும். கையில் என்ன காயம் என்று கேட்டாள். அந்த வாரத்தில் என்னை எதையாவது கேட்டவள் அவள் ஒருத்திதான். வரப்பில் விழுந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்து போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சித்திரை வெயிலில் நான் தலையில் கூடையோடு ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸிலிருந்து வாத்தியார் இறங்கினார். கையில் பழுப்புத் தாளில் சுற்றிய நீளமான சுருள். புதுப் படம். பிறந்த குழந்தையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உப்புத் தண்ணீர் என் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. இந்தப் படத்தில் பாண்டிச்சேரி சிவப்பாகத்தான் இருக்கும் என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன். நான் பூசினதுதான் சரி. சர்க்காரே ஒப்புக்கொண்டு புதுப் படம் அனுப்பியிருக்கிறது. ஐம்பது வருஷம் அந்த நினைப்பில்தான் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்தப் படத்தைப் போய்ப் பார்க்கவில்லை. படி ஏறி உள்ளே போக யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாத இடத்துக்கு நான் போக மாட்டேன்.

இனி அட்லஸ்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு நமக்கு வந்து இறங்கிய சாமான்கள் உங்களுக்கு மறந்திருக்காது. எக்கியார்குப்பத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கம்பளிக் குல்லாய் கொடுத்தார்கள். ஜிப் அறுந்த கால்சட்டை, ஒற்றைச் செருப்பு, பூத்துப்போன பிஸ்கட். இல்லாதவர்களுக்குப் பழசு போதும் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருந்தார்கள். அதே வரிசையில்தான் பள்ளிக்கூடத்துக்கு நூலகம் வைத்துத் தருகிறோம் என்று ஒரு டிரஸ்ட் வந்தது. பள்ளிக் கமிட்டியில் பெண் உறுப்பினர் ஒருத்தி வேண்டும் என்று முன்பே என் பெயரைப் போட்டிருந்தார்கள். பிற்பாடு முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றவள் நான், கைநாட்டு இல்லை, கையெழுத்து. நான் போட்டால்தான் பில் செல்லும்.

டிரஸ்ட்காரப் பிள்ளை இரண்டு அட்லஸ் கொண்டுவந்திருந்தது. ஒன்று அம்மிக்கல் கனம், தோல் அட்டை, பொன் எழுத்து. இன்னொன்று மெலிசு, காகித அட்டை, அந்த வருஷம் அச்சடித்தது. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கிறது, ஒன்றைத்தான் தர முடியும் என்றார்கள்.

“பெருசையே வச்சிக்கலாம்” என்றார் தலைமை ஆசிரியர். “கலெக்டர் வந்து திறக்கும்போது கண்ணாடி பீரோல எடுப்பா இருக்கும். ஆயா, இங்க ஒரு கையெழுத்து.”

“எப்போ அச்சடிச்சது சார் இது?”

“அதெல்லாம் பெரிய லைப்ரரி ஸ்டாக்கும்மா” என்றது அந்தப் பிள்ளை. “ஒருத்தரும் தொறக்கவே இல்ல. புதுசு மாதிரிதான்.”

“தொறக்காம வச்சா பழசு ஆவாதா தம்பி?”

தலைமை ஆசிரியர் சிரித்தார். “உலகம் எங்க ஆயா ஓடிடப் போவுது? கடல் கடலாத்தான இருக்கும்?”

“கடலு எங்க இருக்கும்னு எங்களுக்குச் சொல்றீங்களா சார்?”

அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. நான் கேட்டேன், “ராய்ப்பூர் எங்க இருக்குது, விரல் வச்சிக் காட்டுங்க.” என் மருமகன் போர்வெல் போடுகிற லாரியோடு அங்கேதான் கிடக்கிறான். முன்பெல்லாம் போபால் பக்கம் தடையில்லாமல் போய் வருவானாம். நாலைந்து வருஷமாக நடுவில் செக்போஸ்ட் வந்துவிட்டது, மாநிலம் இரண்டாகிவிட்டது, லாரிக்குப் புதுப் பெர்மிட் கேட்கிறான் என்று போனில் திட்டுவான். பெரிய புத்தகத்தில் ராய்ப்பூரும் போபாலும் ஒரே ஊதா நிறம். மெலிசுப் புத்தகத்தில் ஒன்று ஊதா, ஒன்று ஆரஞ்சு. இதைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டுமா?

“எம்மருமவன் நிக்கிற செக்போஸ்ட் இந்தப் பெரிய புக்குல இல்ல சார். நாளைக்கு ஒரு பொண்ணு எழுந்து, எங்கப்பா வேற மாநிலத்துல இருக்காருன்னு சொல்லும். நீங்க படத்தைக் காட்டி அதை அடிப்பீங்க. நான் போட மாட்டேன்.”

“நான் எதுக்கு அடிக்கப் போறேன்?”

“ஏன்னு கேக்க மாட்டீங்க. அதான்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மெலிசுப் புத்தகத்தை என் பக்கம் இழுத்து, நம் கடற்கரையில் நகத்தை வைத்தார்.

“இவ்ளோ பேசறீங்களே, இதைப் பாருங்க. உங்க புதுப் புக்குல பாண்டிச்சேரி தனிக் கலர். பெரிய புக்குல பாருங்க, நம்மளோட ஒரே கலரு. எது சரின்றீங்க?”

குனிந்து பார்த்தேன். மெலிசுப் புத்தகத்தில் தமிழ்நாடு இளஞ்சிவப்பு. அதன் ஓரத்தில், கடலை ஒட்டி, கடுகளவு மஞ்சள். பெரிய புத்தகத்தில் அந்த மஞ்சள் இல்லை. நான் நாக்கில் தொட்டுப் பூசினது மாதிரியே, ஓரம் தெரியாமல், எல்லாம் ஒரே நிறம்.

“இது ஏன் சார் மஞ்சள்?”

“அது யூனியன் பிரதேசம் ஆயா” என்றார், தன் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறோம் என்று தெரியாமல். “பிரெஞ்சுக்காரன் போனதுலேர்ந்து தனியாத்தான் இருக்குது. தமிழ்நாட்டுல சேரவே இல்ல. அங்க சரக்கு விலை வேற, பஸ்ஸு நம்பர் வேற, தெரியாதா உங்களுக்கு?”

தெரியும். அத்தை வீட்டுக்கு ஆயிரம் தடவை போயிருக்கிறேன், பஸ் நம்பர் பலகையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதையும் இந்தப் படத்தையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. அப்படியானால் வாத்தியார் ஏந்திப் போன அந்தச் சுருளில் பாண்டிச்சேரி சிவப்பாக இருந்திருக்காது. பச்சையும் தப்பு, நான் பூசின சிவப்பும் தப்பு. ஐம்பது வருஷம் ஒரு தப்பை உச்சியில் வைத்துச் சுமந்திருக்கிறேன், கூடைக்கு அடியில் சும்மாடு மாதிரி. எதிரில் இரண்டு புத்தகம். பெரியதில் போட்டால் அந்த ஒன்பது வயதுக்காரி சொன்னது சரி என்று பொன் எழுத்துப் புத்தகம் சாட்சி சொல்லும். கண்ணாடி பீரோவில் காலத்துக்கும் நிற்கும்.

“எதுக்குப் போடறீங்க ஆயா?” என்றார் தலைமை ஆசிரியர். இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்.

“மெலிசுக்கு” என்றேன்.

போட்டேன். ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரும் போட்டேன். வயசாச்சு என்று அந்தப் பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொள்ள வந்தது, தள்ளிவிட்டேன்.

நான் பூசினது தப்பு. அதை உங்கள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன், டீக்கடைக்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் என்னை அடித்தது தப்புக்காக இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே யாராவது மஞ்சள் என்று சொல்லியிருப்பார்கள், நானும் தெரிந்துகொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டினார், போனார். போன வாரம் நான் பள்ளிக்குப் போய் அட்லஸைக் காட்டுங்கள் என்றேன். கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடுமாம். சாவி தலைமை ஆசிரியர் மேஜை இழுப்பறையில் இருந்து வந்தது. நம் பக்கத்துப் படத்தைத் திருப்பினேன். வாங்கின அன்றைக்கு இருந்தது போலவே பளபளக்கிறது. நம் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு வெளுப்பு இல்லை, ஒரு விரல் பட்ட தடம் இல்லை.

திங்கட்கிழமை மணி அடிக்கும்போது நான் அந்த பீரோவுக்கு முன்னால் உட்காரப் போகிறேன். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டேன். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்கட்டும்.